கல்லறைத் திருட்டும் கணக்கெழுத்தரும்: பண்டைய எகிப்தில் ஒரு துப்பறியும் கதை

பனையோலை எழுதியது:

வணக்கம். பண்டைய எகிப்தில் நடக்கும் துப்பறியும் நாவல்களைப் பதினைந்து ஆண்டுகளாகத் தேடித் தேடி வாசித்து வருகிறேன். இப்போது நானே ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்று அத்தியாயங்களோடு கை நின்றுவிட்டது. காரணம் கதாநாயகன். பெயரும் உடையும் எகிப்துக்குரியவை, மூளை மட்டும் இந்தக் காலத்துக் காவல் ஆய்வாளருடையது. காலடித் தடத்தை அளக்கிறான், சாட்சிகளைத் தனித்தனியே அழைத்து அன்பாகப் பேசுகிறான், கடைசியில் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுகிறான். எழுதும்போது சுவையாக இருந்தது. மறுநாள் வாசித்தபோது கூசியது.

நான் எடுத்துக்கொண்ட களம் ஒன்பதாம் ராம்சேஸ் மன்னரின் 16ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.மு. 1110. இடம் தீப்ஸ், அவர்கள் வாயில் வாசெத். நைல் நதியின் கிழக்குக் கரையில் கோயில்களும் நகரமும். மேற்குக் கரையில் கல்லறைகள். கிழக்கின் மேயர் பாசேர். மேற்கின் மேயர் பவெரா. மேற்கே அரசர்களின் கல்லறைகள் கொள்ளை போகின்றன என்று பாசேர் புகார் கொடுக்கிறார். தலைமை அமைச்சர் காஎம்வாசெத் ஒரு குழுவை அனுப்புகிறார். வெள்ளப் பருவத்தின் மூன்றாம் மாதம், 18ஆம் நாள், அந்தக் குழு மலையேறிப் பத்து அரசர்களின் கல்லறைகளைப் பார்வையிடுகிறது. ஒன்பது பத்திரம், ஒன்று மட்டும் கொள்ளை போயிருக்கிறது என்று எழுதுகிறது. இவை அனைத்தும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அபட் பாப்பிரஸ் என்ற நாணல்தாள் சுருளில் உள்ளன. நான் கற்பனை செய்ய வேண்டியதே அதிகமில்லை.

கேள்வி இதுதான்: அந்தக் காலத்தில் ஒரு மனிதன் இன்னொருவனிடம் "அன்று நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்கும் அதிகாரத்தை எங்கிருந்து பெற்றிருப்பான்? எதைக் காட்டினால் கேட்டவர்கள் "உண்மை" என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள்?

நீலத்தாமரை எழுதியது:

பனையோலை, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்தக் கொள்ளை போன ஒற்றைக் கல்லறை அரசர் சோபெக்கெம்சாஃபுடையது. திருடர்கள் பக்கத்தில் இருந்த நெபமூன் என்ற பழைய தானியக் களஞ்சிய அதிகாரியின் கல்லறையிலிருந்து சுரங்கம் தோண்டி அதற்குள் நுழைந்தார்கள். பிடிபட்டவர்களில் அமென்பனூஃபெர் என்ற கல்தச்சனின் வாக்குமூலம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செம்பு உளிகளால் எப்படிக் குடைந்தார்கள், அரசரையும் அவர் அருகில் அரசி நுப்காஸையும் எப்படிக் கண்டார்கள், உடல்களின் மேலிருந்த பொன்னைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளுக்கு எப்படித் தீ வைத்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறான். மொத்தம் 160 டெபென் பொன். ஒரு டெபென் ஏறத்தாழ 91 கிராம், ஆகவே பதினான்கரை கிலோவுக்குச் சற்று மேல். எட்டுப் பேர், ஆளுக்கு 20 டெபென்.

அதற்குப் பின் வருவதுதான் உங்கள் நாவல். அவன் ஒருமுறை பிடிபடுகிறான். படகுத்துறையின் எழுத்தரிடம் தன் பங்கான 20 டெபெனைக் கொடுக்கிறான். எழுத்தர் விட்டுவிடுகிறார். அவன் கூட்டாளிகளிடம் திரும்பிப் போகிறான், அவர்கள் தங்கள் பங்கிலிருந்து அவனுக்கு ஈடு செய்கிறார்கள். மறுபடியும் திருடப் போகிறார்கள்.

அந்த வாக்குமூலம் எழுதப்பட்ட பாப்பிரஸே ஒரு மர்மக் கதை. கீழ்ப்பாதி ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் சேகரிப்பில் இருந்து பின்னர் நியூயார்க் போனது. மேற்பாதி எங்கே என்று எவருக்கும் தெரியாமல் இருந்தது. 1935இல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மரச் சிலையின் உள்ளே சுருட்டி வைக்கப்பட்டிருந்ததை ஜான் கப்பார் கண்டெடுத்தார்.

சாட்சிக்கூண்டு எழுதியது:

நான் 31 ஆண்டுகள் நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எகிப்திய மொழி தெரியாது. மொழிபெயர்ப்புகளைத்தான் வாசித்திருக்கிறேன். ஆனால் வழக்குக் கட்டு என்றால் எனக்குத் தெரியும். அபட் பாப்பிரஸை ஒரு கட்டாகப் பாருங்கள்.

19ஆம் நாள் என்ன நடக்கிறது? பெய்கார் என்ற செம்புக் கொல்லன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மூன்றாம் ராம்சேஸின் அரசி ஈசிஸின் கல்லறையில் திருடியதாக ஒப்புக்கொண்டவன். தலைமை அமைச்சர் அவனைக் கண்ணைக் கட்டி அரசியர் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே கட்டை அவிழ்த்து, "நீ திருடிய கல்லறைக்கு நட" என்கிறார்கள். அவன் யாரும் புதைக்கப்படாத ஒரு கல்லறையையும், ஒரு தொழிலாளியின் குடிசையையும் காட்டுகிறான். அடிக்கிறார்கள். மூக்கும் காதும் அறுபடட்டும், கழுவேற்றப்படட்டும் என்று அவன் மன்னர் மேல் ஆணையிட்டு, இந்த இரண்டைத் தவிர வேறு இடம் தெரியாது என்கிறான். முத்திரைகளைச் சோதிக்கிறார்கள். எல்லாம் பத்திரம். அன்று மாலையே மேற்குக் கரைத் தொழிலாளர்கள் கொண்டாட்டமாக ஆற்றைக் கடந்து பாசேரின் நகரத்துக்குள் போகிறார்கள். பாசேர் வெகுண்டு, இன்னும் ஐந்து குற்றச்சாட்டுகள் என்னிடம் இருக்கின்றன என்கிறார். பவெரா அதை அப்படியே தலைமை அமைச்சருக்கு எழுதி அனுப்புகிறார். 21ஆம் நாள் பெரிய நீதிமன்றம் கூடிப் புகாரைத் தள்ளுகிறது. புகார் கொடுத்த பாசேரும் அந்த நீதிமன்றத்தில் ஓர் உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறார்!

என் பணிக்காலத்தில் கற்ற ஒரு பாடம்: கட்டைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, இதை எழுதியது யார், யார் சொல்லி எழுதப்பட்டது என்பதை. இந்தப் பாப்பிரஸ் தொடக்கம் முதல் முடிவு வரை பவெராவுக்குச் சாதகமாக இருக்கிறது. அடுத்த ஆண்டின் கல்லறை நாட்குறிப்பில் என்ன வருகிறது தெரியுமா? அதே அரசி ஈசிஸின் கல்லறை சூறையாடப்பட்டுக் கிடந்தது என்று. அப்படியானால் அன்று அவிழ்த்துப் பார்த்த கண்கள் எதைப் பார்த்தன?

பனையோலை, உங்கள் துப்பறிவாளன் காவலனாக இருக்க வேண்டியதில்லை. அந்த மலையடிவாரத்தில், கண் கட்டப்பட்டவனுக்கு இரண்டடி பின்னால், மசித்தட்டோடு ஒருவன் நின்றிருப்பான். அவன் எழுதினான். எதை எழுதவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

நாட்காட்டி எழுதியது:

சாட்சிக்கூண்டு ஐயா சொன்னதோடு நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வகை நாவல்களில் எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான். "ஐந்து நிமிடம் கழித்து", "சரியாக ஏழரை மணிக்கு" என்று வந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். அவர்களுக்குப் பகலில் 12 மணிப் பகுதிகள், இரவில் 12 மணிப் பகுதிகள். பருவத்துக்குப் பருவம் அவற்றின் நீளம் மாறும். கர்னக்கில் கிடைத்த, மூன்றாம் அமென்ஹோதெப் காலத்து நீர்க்கடிகாரத்தில் மாதத்துக்கு ஏற்றபடி தனித்தனி அளவுக் குறிகள் இருக்கின்றன. ஆனால் அது கோயில் பொருள். மலையில் கல் குடைபவன் அதைப் பார்த்திருக்க மாட்டான்.

ஆண்டுக்கு மூன்று பருவங்கள்: வெள்ளம், முளைப்பு, அறுவடை. ஒவ்வொன்றிலும் 30 நாட்கள் கொண்ட நான்கு மாதங்கள். கடைசியில் ஐந்து நாட்கள் தனியாக. வாரத்துக்குப் பத்து நாட்கள். நம் ஏழு நாள் வாரத்தை மனத்தில் வைத்து "வெள்ளிக்கிழமை வரச் சொன்னான்" என்கிற மாதிரி எழுதினால் முழுக் கட்டடமும் சரிந்துவிடும்.

ஆனால் "அன்று எங்கே இருந்தாய்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருந்தது, எழுத்திலேயே இருந்தது. அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த தெய்ர் எல் மெதினா கிராமத்தில் வருகைப் பதிவு இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் சில்லு இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆண்டு, 40 பெயர்கள், 280 நாட்கள். யார் எந்த நாளில் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது ஒவ்வொரு நாளின் மேலும் சிவப்பு மையில். ஒருவனைத் தேள் கொட்டியது. ஒருவன் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். ஒருவன் தன் சகோதரனின் உடலைப் பதப்படுத்தப் போனான். சிலர் மேலாளர் வீட்டு வேலைக்குப் போனார்கள்.

மேலாளர் வீட்டு வேலைக்கு! இதைவிடச் சிறந்த பொய்க் காரணம் ஒரு கதாசிரியருக்கு வேறு கிடைக்குமா?

செவிலி எழுதியது:

இந்த இழையை இரண்டு நாட்களாக வாசிக்கிறேன். மருத்துவமனையில் பணிபுரிகிறேன், ஆகவே உடல்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எகிப்திய நாவல்களில் கொலையைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மருத்துவராகவோ பதப்படுத்துபவராகவோ இருப்பார். மருத்துவர் பொருத்தமே. எட்வின் ஸ்மித் பாப்பிரஸை வாசித்தவர்களுக்குப் புரியும். கி.மு. 1600 வாக்கில் படியெடுக்கப்பட்டது, 48 காயங்கள், தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருகிறது. ஒவ்வொரு காயத்துக்கும் முதலில் சோதனை: காயத்தில் விரல் வைத்துத் தடவிப் பார், எலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று பார், கழுத்தைத் திருப்ப முடிகிறதா என்று கேள். பிறகு முடிவு. "நான் சிகிச்சை செய்யும் நோய்", "நான் போராடிப் பார்க்கும் நோய்", "சிகிச்சைக்கு உரியதல்லாத நோய்" என்று மூன்றே வகை. மந்திரங்கள் மிகக் குறைவு. இந்த ஒழுங்கை மனத்தில் வைத்திருக்கும் ஒருவர் வெட்டுக் காயத்தையும் விழுந்த காயத்தையும் பிரித்தறிவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நானே தினமும் செய்வது அதைத்தானே.

பதப்படுத்துபவரை நாயகனாக்க வேண்டுமானால் யோசியுங்கள். அவருக்கு உடல் வந்து சேர்வது அழுகை முடிந்த பிறகு. மொத்தச் சடங்கு 70 நாட்கள். எல்லாவற்றையும் அவர் பார்க்கிறார், ஆனால் அவருடைய கடமை அந்த உடலை முழுமையாக்கி அனுப்புவது. காயத்தை மறைப்பதுதான் அவருடைய தொழில். மூன்றாம் ராம்சேஸ் மன்னரை நினைத்துப் பாருங்கள். அவரைக் கொல்ல அந்தப்புரத்தில் சதி நடந்தது என்பது தூரின் நகரில் இருக்கும் வழக்குப் பாப்பிரஸில் தெரியும். அரசி திய்யேயும் அவர் மகன் பென்தவெரும் அதில் இருந்தார்கள். சதி பலித்ததா என்பது மட்டும் நீண்ட காலம் தெரியவில்லை. 2012இல் மம்மியின் கழுத்துத் துணிக்கட்டுகளை சிடி ஸ்கேன் ஊடுருவிப் பார்த்தபோது, தொண்டை முதுகெலும்பு வரை அறுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அந்தக் காயத்துக்குள் ஹோரஸ் தெய்வத்தின் கண் வடிவத் தாயத்து ஒன்றை வைத்துக் கட்டியிருந்தார்கள். மூவாயிரம் ஆண்டுகள் பதப்படுத்துபவர் அந்த ரகசியத்தைக் காத்தார். அந்தத் தாயத்தை உள்ளே வைத்த விரல்களைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நீலத்தாமரை எழுதியது:

செவிலி அம்மா, அந்தத் தாயத்துச் செய்தியை நான் அறிந்திருக்கவில்லை. மிக்க நன்றி.

அந்தச் சதி வழக்கில் இன்னொன்றும் உண்டு. குற்றவாளிகளின் பெயர்களையே ஆவணத்தில் மாற்றி எழுதினார்கள். ஒருவன் பெயர் "சூரியக் கடவுள் ரா அவனை வெறுக்கிறார்" என்று பொருள்படும் மெசெத்சுரே. பிறக்கும்போது யாரும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். பெயர் அழிந்தால் மறுமையிலும் வாழ்வு இல்லை என்று நம்பியவர்கள் கொடுத்த தண்டனை அது. விசாரிக்க அமர்ந்தவர்களிலேயே சிலர், குற்றம் சாட்டப்பட்ட பெண்களோடு குடித்துக் களித்ததற்காக மூக்கும் காதும் இழந்தார்கள்.

எனக்கு உள்ள தயக்கம் வேறு. தெய்ர் எல் மெதினாவில் வழக்குகளைப் பல நேரம் தெய்வமே தீர்த்தது. இறந்து தெய்வமாகிவிட்ட முதலாம் அமென்ஹோதெப்பின் சிலையைத் தோளில் தூக்கி வருவார்கள். கேள்வியை முன்னால் வைப்பார்கள். சிலை முன்னே வந்தால் ஆம், பின்னே போனால் இல்லை. அப்படி ஒரு நடுவர் இருக்கும் ஊரில் துப்பறிவதற்கு என்ன வேலை? தெய்வத்தைப் பொய் என்று காட்டினால் மீண்டும் இந்தக் காலத்து மனிதனை அங்கே நிறுத்துகிறோம். உண்மை என்று விட்டால் கதை முடிந்துவிடுகிறது.

சாட்சிக்கூண்டு எழுதியது:

நீலத்தாமரை, இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. தெய்வ வாக்கு கதையை முடிக்காது, தொடங்கிவைக்கும்.

அந்தச் சிலையைத் தூக்கியவர்கள் யார்? வெளியூர்ப் பூசாரிகள் அல்ல. அதே தெருவில் வசித்து, அதே மலையில் கல் குடைந்து, விழா நாட்களில் தூய்மை செய்துகொண்டு தோள் கொடுத்தவர்கள். திருட்டுப் போன வீட்டுக்காரனின் மைத்துனன் அதில் ஒருவனாக இருக்கலாம். திருடனுக்குக் கடன் கொடுத்தவன் இன்னொருவனாக இருக்கலாம். கண்டெடுக்கப்பட்ட சில்லுகளில் சின்னச் சின்னக் கேள்விகள் இருக்கின்றன. "இந்தப் பாயைத் திருடியது அவனா?" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதைத் தெய்வத்தின் முன் வைக்கும்போது ஊரில் எல்லோருக்கும் "அவன்" யார் என்று தெரியும். பலர் தோள்களில் அசையும் ஒரு கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஊரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே. நான் இதை ஏமாற்று என்று சொல்லவில்லை. தூக்கியவர்கள் தெய்வம் தங்களைத் தள்ளியதாக உண்மையாகவே உணர்ந்திருப்பார்கள்.

உங்கள் எழுத்தர் தெய்வத்தை நம்புபவராகவே இருக்கட்டும். அவருடைய வேதனையைப் பாருங்கள்: தெய்வம் ஒருவனைக் காட்டிவிட்டது, இவர் கையில் இருக்கும் வருகைப் பதிவோ அவன் அன்று வேலையில் இருந்தான் என்கிறது. இரண்டும் பொய் சொல்லாதவை என்று வாழ்நாள் முழுதும் நம்பியவர் அவர்.

பனையோலை எழுதியது:

சாட்சிக்கூண்டு ஐயா, இதை வாசித்துவிட்டு வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன். என் முதல் மூன்று அத்தியாயங்களை நீக்கிவிட்டேன்.

மலையருவி எழுதியது:

நான் இந்த இழைக்குப் புதியவன். ஒரு சந்தேகம். இரண்டாம் ராம்சேஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்ததாக வாசித்திருக்கிறேன். மிளகு நம் மலைகளில் விளைவது. அப்படியானால் பனையோலையின் கதையில் ஒரு தமிழ் வணிகர் வரலாமே? வாசகர்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

நாட்காட்டி எழுதியது:

மலையருவி, மிளகு உண்மை. கி.மு. 1213இல் இறந்த மன்னரின் நாசியில் அது இருந்தது. ஆனால் மிளகு போன இடமெல்லாம் அதை விளைவித்தவர் போனார் என்று சொல்ல முடியாது. அது எத்தனை கைகள் மாறி, எந்தக் கரைகளைத் தொட்டுச் சென்றது என்பதைச் சொல்ல ஓர் எழுத்தும் இல்லை.

தமிழர் பெயர் எகிப்து மண்ணில் கிடைத்திருக்கிறது, அதில் நமக்குப் பெருமையே. செங்கடல் துறைமுகங்களான குசெய்ர் அல் காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் உள்ளன. சாத்தன், கண்ணன் என்ற பெயர்களே அவற்றில் வருகின்றன. ஆனால் அவை கிறித்து பிறந்த பின் முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, ரோமர்கள் எகிப்தை ஆண்ட காலம். ஒன்பதாம் ராம்சேஸுக்கும் சாத்தனுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். பெரெனிகே துறைமுகத்தில் ஒரு கொலை, அதை விசாரிக்கும் சாத்தன் என்றால் நான் முதல் ஆளாக வாங்கி வாசிப்பேன். அதை நீங்கள் எழுதுங்கள். பனையோலையின் கதையில் அவரைத் திணிக்க வேண்டாம்.

தறிக்காரன் எழுதியது:

எங்கள் குடும்பம் தறி நெய்யும் குடும்பம். ஆகவே துணி பற்றி. எகிப்தியத் திருட்டு என்றாலே எல்லோரும் பொன்னைத்தான் எழுதுகிறார்கள். பொன் திருடியவன் அதை எங்கே செலவு செய்வான்? நாணயமே இல்லாத நாடு. எல்லாப் பொருளுக்கும் விலை டெபென் எடைச் செம்பில் அல்லது தானியத்தில் கணக்கிடப்பட்டு, பொருளுக்குப் பொருள் மாறிய ஊர். ஏழைத் தொழிலாளி வீட்டில் திடீரென்று பொன் தென்பட்டால் ஊர் பேசும். துணி அப்படியில்லை. நல்ல லினன் எவர் வீட்டிலும் இருக்கலாம், எதற்கும் மாற்றலாம். கல்லறைகளிலிருந்தும் பொன்னோடு துணியையும்தான் தூக்கிப் போனார்கள்.

தெய்ர் எல் மெதினாவுக்கு அரசே சலவைக்காரர்களை அனுப்பியது. ஆற்றங்கரை தொலைவு, கிராமம் பாலைவன ஓரம். எந்த வீட்டிலிருந்து எத்தனை துணி போனது என்று சில்லுகளில் குறித்தார்கள். எழுத்தறியாத சலவைக்காரருக்காகத் துணியின் படத்தை வரைந்து, பக்கத்தில் எண்ணிக்கைக்குப் புள்ளி வைத்த சில்லுகள் கிடைத்திருக்கின்றன. இதைவிட நம்பகமான சாட்சி ஏது? வீட்டில் இருக்கும் துணி எத்தனை என்று அந்த வீட்டுக்காரனைவிடச் சலவைக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரம் ஏழு துணி. அடுத்த வாரம் பதினொன்று. அந்த நான்கு எங்கிருந்து வந்தன?

நெசவு தெரிந்தவள் ஒருத்தியும் உங்கள் கதையில் வேண்டும் பனையோலை. அவள் நூலைத் தொட்டுப் பார்த்தே, இது இந்தக் காலத்து இழை இல்லை, பாட்டி காலத்து இழை என்று சொல்லிவிடுவாள். என் அம்மா சொல்வார்.

நீலத்தாமரை எழுதியது:

தறிக்காரன் அண்ணா, என்ன அருமையான தடயம்!

பெண்கள் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். அகதா கிறிஸ்டி 1944இல் வெளியிட்ட 'டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்' கி.மு. 2000 வாக்கில் தீப்ஸில் நடக்கிறது. எகிப்தியவியலாளர் ஸ்டீபன் கிளான்வில் தூண்டுதலால் எழுதியது. ஹெக்கநக்த் என்ற மனிதர் தன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான் அதன் விதை. 1921-22இல் ஹெர்பர்ட் வின்லாக் அவற்றைக் கண்டெடுத்தபோது ஒரு கடிதம் முத்திரை பிரிக்கப்படாமலேயே இருந்தது. அவை வெளியூர் போன ஒரு குடும்பத் தலைவரின் கடிதங்கள். தானியத்தை அளந்து கொடு, கடைக்குட்டி ஸ்னெஃப்ரு கேட்டதைச் செய், என் துணைவியிடம் மோசமாக நடந்துகொண்ட வேலைக்காரியை வீட்டைவிட்டு அனுப்பு. இவ்வளவுதான். அந்த எரிச்சலுக்குள் ஒரு கொலை ஒளிந்திருப்பதை ஒரு நாவலாசிரியர் கண்டார். அரசர் இல்லை, பொன் இல்லை. வீட்டுக் கணக்கும் மனக்கசப்பும்தான்.

செவிலி எழுதியது:

பசியையும் மறந்துவிடாதீர்கள். கதைகளில் திருடன் பேராசைக்காரனாகவே வருகிறான். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் அதே கிராமத்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். "பசியோடு இருக்கிறோம், மாதத்தில் 18 நாட்கள் கழிந்துவிட்டன" என்றார்கள். கூலி தானியமாக வரும். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. அது வராவிட்டால் வீட்டில் ரொட்டியும் இல்லை, பீரும் இல்லை. பனையோலை எழுதும் காலத்தில் நிலைமை இன்னும் மோசம், கூலி மாதக்கணக்கில் தாமதமாகிறது. காலடியில் இத்தனை பொன் புதைந்திருக்கிறது, அதைப் புதைத்ததே இவர்கள் கைகள்தான், பிள்ளை பசியில் அழுகிறது. பிரம்படியில் அலறும் அந்த மனிதர்களை வெறும் திருடர்களாக என்னால் பார்க்க முடியவில்லை.

கல்விளக்கு எழுதியது:

இத்தனை நாட்களாக மௌனமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு முரட்டு மனிதனைப் பற்றிச் சொல்லட்டுமா? பனெப். இதே கிராமத்தில், பனையோலையின் கதைக்காலத்துக்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு தொழிலாளர் தலைவனாக இருந்தவன். அவன்மேல் அமென்னக்த் என்பவர் கொடுத்த நீண்ட புகார் சால்ட் பாப்பிரஸ் 124இல் இருக்கிறது. இரண்டாம் சேத்தி மன்னரின் கல்லறைப் பொருட்களைத் திருடினான், பெண்களைக் கெடுத்தான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். ஓர் இளவரசியின் அடக்கப் பொருட்களிலிருந்து வாத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, என்னிடம் இல்லை என்று ஆணையிட்டான், அது அவன் வீட்டிலேயே கிடைத்தது.

வாசிக்க வாசிக்க ரத்தம் கொதிக்கும். பிறகு தொடக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அமென்னக்தின் தந்தையும் அண்ணனும் அந்தப் பதவியில் இருந்தவர்கள். அண்ணனுக்குப் பின் தனக்கு வரவேண்டிய இடத்தை, தலைமை அமைச்சருக்கு ஐந்து வேலையாட்களைக் கொடுத்துப் பனெப் பறித்துக்கொண்டான் என்பதுதான் அவருடைய முதல் புகார். நமக்குக் கிடைத்தது ஒருவரின் குரல் மட்டும். பனெப் பேசிய ஒரு வரியும் இல்லை. சாட்சிக்கூண்டு ஐயா சொன்ன "எழுதியது யார்" என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

எழுதும் மொழி பற்றியும் ஒன்று. தயவுசெய்து "மகாராஜா", "மந்திரி", "தர்பார்" வேண்டாம். அந்தச் சொற்கள் வேறு அரண்மனைகளின் வாசனையைக் கொண்டுவருகின்றன. பாலைவனம் என்றதும் ஒட்டகத்தையும் கொண்டுவராதீர்கள். அந்த ஊரில் சுமை தூக்கியது கழுதை. அதை வாடகைக்கு விட்டவர்களின் சச்சரவுகளே எத்தனையோ சில்லுகளில் இருக்கின்றன. சர்க்கரை கிடையாது, தேனும் பேரீச்சையும்தான். வாக்குறுதி கொடுக்கும்போது "அமூன் நிலைத்திருப்பது போல, அரசர் நிலைத்திருப்பது போல" என்று ஆணையிடுவார்கள். தமிழிலும் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது பாருங்கள்.

பனையோலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து தொடக்கத்தை மீண்டும் எழுதினேன். சொல்பவர் எழுத்தர். பெயர் இன்னும் வைக்கவில்லை. அரசர் பள்ளத்தாக்கில் விளக்குத் திரிகளை எண்ணிக் கொடுத்துக் குறித்துவைத்த சில்லுகள் இருக்கின்றன அல்லவா, காலை இத்தனை, பிற்பகல் இத்தனை என்று? அதிலிருந்து தொடங்கியிருக்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

*"மலைக்குள் சூரியன் இல்லை. ஆகவே நான் திரிகளை எண்ணுகிறேன். பழைய துணியைக் கிழித்து, முறுக்கி, கொழுப்பில் தோய்த்து வைத்த திரிகள். காலையில் வலப்பக்கத்தாருக்குப் பதினாறு, இடப்பக்கத்தாருக்குப் பதினாறு. பிற்பகலிலும் அப்படியே. என் தந்தை எண்ணினார், அவர் தந்தை எண்ணினார். ஒரு திரி குறைந்தால் அது என் தவறு. வெள்ளப் பருவத்தின் மூன்றாம் மாதம், 9ஆம் நாள், யாரும் வேலைக்குப் போகவில்லை. அன்று நான் எவருக்கும் திரி கொடுக்கவில்லை. 11ஆம் நாள் காலை களஞ்சியத்தைத் திறந்து எண்ணினேன். ஆறு திரிகள் குறைந்தன. கதவில் இருந்தது என் முத்திரை. உடையாமல் இருந்தது."*

தறிக்காரன் எழுதியது:

அருமை. ஒரே ஒரு திருத்தம். "பழைய துணியைக் கிழித்து" என்று மட்டும் விடாதீர்கள். எந்தத் துணி? அவர் எண்ணுபவர், தொட்டுப் பார்ப்பவர். திரியில் வந்த துணி எந்த வீட்டுப் பழந்துணி என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாட்காட்டி எழுதியது:

9ஆம் நாளும் 10ஆம் நாளும் ஓய்வு, 11ஆம் நாள் வேலைக்குத் திரும்புகிறார்கள், சரியாக இருக்கிறது. குழு மலையேறும் 18ஆம் நாளுக்கு இன்னும் ஏழு நாட்கள். உங்கள் எழுத்தருக்கு அவ்வளவுதான் அவகாசம்.

சாட்சிக்கூண்டு எழுதியது:

முத்திரை உடையவில்லை என்றால் அதே முத்திரையை இன்னொரு கை மறுபடியும் பதித்திருக்க வேண்டும். அந்த முத்திரை இரவில் எங்கே இருக்கும்? அவர் விரலிலா, வீட்டுப் பெட்டியிலா? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? அடுத்த அத்தியாயத்தில் அவர் மலைக்குப் போக வேண்டாம். வீட்டுக்குப் போகட்டும். போகும் முன் அந்தச் சில்லில் 11ஆம் நாள் கணக்கை எப்படி எழுதினார் என்பதை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள். ஆறு குறைந்தன என்று எழுதினாரா?

பனையோலை எழுதியது:

இல்லை ஐயா. "சரியாக இருக்கிறது" என்று எழுதினார்.